பவளம் கட்டிய தீவு

பிலிப்பைன்ஸின் நடுவே, செபு தீவுக்குத் தென்கிழக்கில், போஹோல் மாகாணம் இருக்கிறது. ஒரு பெரிய தீவும் அதைச் சுற்றியுள்ள பல குட்டித் தீவுகளும் சேர்ந்து அதன் பரப்பு 4,821 சதுர கிலோமீட்டர். தக்பிலாரன் என்ற ஒரு நகரமும் 47 ஊர்களும் அதில் அடக்கம். ஒவ்வோர் ஊரும் தன் பெருமை என்று ஒன்றை வைத்திருக்கிறது. கார்மெனில் கூம்புக் குன்றுகள். பக்லாயோனில் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு பழைய தேவாலயம். டாவிஸில் பலிபீடத்தின் அடியில் நன்னீர்க் கிணறு. கொரெல்லாவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு விலங்கு. தலிபோனுக்கு எதிரே கடலுக்குள் இரட்டைச் சுவராக எழுந்து நிற்கும் பவளத்திட்டு.

சுற்றுலாக் கையேடுகள் இவற்றைத் தனித்தனி அதிசயங்களாகத்தான் காட்டுகின்றன. பாறையின் வழியாகப் பார்க்கிறவருக்கு இவை அனைத்தும் ஒரே கதையின் அத்தியாயங்கள். கடலில் வாழ்ந்த சின்னஞ்சிறு உயிர்கள் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து ஓடு கட்டின. அவை மடிந்த பின் ஓடுகள் படிந்து பாறையாயின. பாறை நிலமாக எழுந்தது. மழை அந்த நிலத்தைச் செதுக்கியது. மனிதர் அதையே வெட்டியெடுத்துக் கோயில் கட்டினர். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ போஹோலை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் இதுதான்.

மழை செதுக்கிய குன்றுகள்

தீவின் நடுமேட்டில், கார்மென், பதுவான், சக்பாயன் ஆகிய ஊர்களின் எல்லைகளில் பரவியிருப்பவை சாக்லேட் குன்றுகள். 50 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் குறைந்தது 1,268 குன்றுகள் உள்ளன; 1,776 வரை இருக்கலாம் என்ற கணக்கும் உண்டு. பெரும்பாலானவை 30 முதல் 50 மீட்டர் உயரம். மிக உயர்ந்தது 120 மீட்டர். கார்மெனில் 214 படிகள் ஏறி உச்சிக்குப் போனால், எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே வடிவம், ஏறக்குறைய ஒரே அளவு. யாரோ திட்டம் போட்டுக் கட்டியதுபோல் தோன்றும்.

அப்படித் தோன்றியதால்தான் அங்கே கதைகளும் பிறந்தன. இரண்டு அரக்கர்கள் பாறைகளை வீசிச் சண்டையிட்டு, களைத்துச் சமாதானமாகி, எறிந்த கற்களை அப்படியே விட்டுப் போனார்கள் என்பது ஒரு கதை. அரோகோ என்ற அரக்கன் தான் காதலித்த அலோயா என்ற மானிடப் பெண் இறந்ததும் அழுத கண்ணீர்த் துளிகளே குன்றுகளாக உறைந்தன என்பது இன்னொன்று.

ஆண்டின் பெரும்பகுதி இந்தக் குன்றுகள் பச்சையாகவே இருக்கும். மேலே படர்ந்திருப்பது புல். நம் ஆற்றங்கரைகளில் வளரும் நாணல் இனமும் அதில் உண்டு. பிப்ரவரி தொடங்கி மே வரையிலான வறண்ட மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகும். பெயருக்குக் காரணமான நிறம் அப்போதுதான் வருகிறது. சரிவில் மண் மெல்லியது, நீர் தங்காது. அதனால் மரங்கள் அங்கே வேர்பிடிப்பது அரிது. குன்றுகளுக்கு இடையே மண் சேர்ந்த தட்டையான தாழ்நிலங்களிலோ நெல் விளைகிறது.

புல்லை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் பவளத் துண்டுகள், சிப்பிகள், கடற்பாசியின் எச்சங்கள், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஓட்டுயிர்கள் எல்லாம் பதிந்திருக்கின்றன. இன்று கடலோரத்திலிருந்து மணிக்கணக்கில் பயணம் செய்து ஏறிவர வேண்டிய இந்த மேடு, சுமார் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலின் தரையாக இருந்தது. நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் பகுதியில் பிலிப்பைன்ஸ் அமைந்திருக்கிறது. அந்த நெருக்குதலில் கடல்தரை மெல்ல மெல்ல உயர்ந்து நிலமானது. உயரும்போதே பாறையில் விரிசல்கள் விட்டன.

பிறகு மழையின் வேலை தொடங்கியது. மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. சோடா பானத்தில் இருக்கும் அதே கார்பானிக் அமிலம்தான். அதைவிடப் பலமடங்கு நீர்த்தது. கருங்கல்லை இது பெரிதாக ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லை மட்டும் கரைக்கும். விரிசல் வழியே இறங்கிய நீர் விரிசலை அகலமாக்கியது. அகன்ற விரிசல் பள்ளமானது, பள்ளம் பள்ளத்தாக்கானது. கரைந்துபோன பகுதிகளுக்கு நடுவே எஞ்சி நின்றவையே இன்றைய கூம்புகள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே மழை ஊறி ஒரு பீடபூமியே தேய்ந்திருக்கிறது. யாரும் குன்றுகளைக் குவித்து வைக்கவில்லை. சுற்றியிருந்ததை மழை எடுத்துக்கொண்டு போனது, அவ்வளவே.

1988இல் இந்தக் குன்றுகள் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அப்படியும் 2024இல் குன்றுகளின் மடியில் நீச்சல் குளத்தோடு கட்டப்பட்டிருந்த ஒரு விடுதியின் படம் வெளியாகி நாடே கொதித்தது, அது மூடப்பட்டது. மழைக்கு லட்சக்கணக்கான ஆண்டு பிடித்த வேலையை ஓர் இயந்திரம் ஒரு வாரத்தில் அழித்துவிடும் என்பதை அந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னும் கட்டப்படும் பாறை

குன்றுகள் பிறந்த விதத்தை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வடக்கே ஹெடாஃபே, தலிபோன், ஊபாய் ஊர்களின் கரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கடலுக்குள் நீளும் டனாஹோன் பவளத்திட்டு 272 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. கரைக்கு இணையாக ஒரு பவளச்சுவர் இருப்பது பல நாடுகளில் உண்டு. இங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுவர்கள். இப்படிப்பட்ட இரட்டைத் தடுப்புத் திட்டுகள் உலகில் ஆறுதான் பதிவாகியிருக்கின்றன.

கடலடியில் ஏற்கெனவே ஒரு மேட்டுமுகடு இருந்தது. கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறிவந்தபோது, வெளிச்சம் எட்டும் ஆழத்திலேயே இருக்க வேண்டிய பவள உயிரிகள் அந்த முகட்டின்மேல் உயர உயரக் கட்டிக்கொண்டே வந்தன. ஓதநீரோட்டங்கள் அவற்றுக்கு உணவைக் கொண்டுவந்தன. சுமார் 6,000 ஆண்டுகளில் இரண்டு சுவர்களும் எழுந்தன.

பவள உயிரி ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அதன் திசுக்களுக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. அந்தத் தெம்பில் அது கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்துத் தன்னைச் சுற்றிக் கல் கட்டுகிறது. சாக்லேட் குன்றுகளை உண்டாக்கிய தொழில் இதுவே. கார்மெனில் அது நின்றுபோய் இருபது லட்சம் ஆண்டாகிறது. தலிபோனின் கரைக்கு எதிரே இன்று காலையும் நடந்தது.

இந்தத் திட்டில் புலிவால் கடற்குதிரை என்ற இனம் வாழ்கிறது. ஆண் குதிரைதான் வயிற்றுப் பையில் கருவைச் சுமந்து குட்டி ஈனும். மருந்துக்கும் அலங்காரத்துக்கும் எனப் பிடித்துப் பிடித்து அவை அருகிவந்த காலத்தில், ஹந்தூமோன் என்ற தீவுக் கிராமத்து மீனவர்களும் அமாண்டா வின்சென்ட் தலைமையிலான ஆய்வாளர்களும் கைகோத்து 1995இல் மீன்பிடி தடைசெய்யப்பட்ட ஒரு காப்பிடத்தை உருவாக்கினார்கள். கடற்குதிரையைப் பிடித்துப் பிழைத்தவர்களே அதன் காவலர்களானார்கள்.

தெற்கே பங்லாவ் தீவைச் சுற்றிய கடலிலும் இதே வளம். 2004இல் ஃபிலிப் புஷே முதலிய பல நாட்டு அறிவியலாளர்கள் அங்கே கூடி ஆராய்ந்தபோது சுமார் 6,000 வகை மெல்லுடலிகளையும் 1,200 வகை நண்டு, இறால் இனங்களையும் கண்டார்கள். ஒரு சிறிய தீவைச் சுற்றி மட்டும் இத்தனை! ஆழ்கடலின் நுண்ணிய சங்குகளைப் பிடிப்பதற்கு உள்ளூர் மீனவர்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. லுமுன்-லுமுன் என்று அதற்குப் பெயர். பழைய வலைகளைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி ஆழத்தில் இறக்கி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அதற்குள் குடியேறிய சங்குகளை மெதுவாக மேலே இழுத்து உதறி எடுப்பார்கள். ஆய்வுக்கப்பல்களின் இழுவலைக்குச் சிக்காத இனங்கள் பல இந்த வலைக்கட்டுகளில் அகப்பட்டன.

பலிபீடத்தின் அடியில் நன்னீர்

சுண்ணாம்புத் தீவில் மழைநீர் நிலத்தின்மேல் நெடுந்தூரம் ஓடுவதில்லை. பாறையின் துளைகளில் இறங்கி அடியில் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தில் அது குடைந்தவையே போஹோலின் குகைகள். டாவிஸ் ஊரின் ஹினக்தானன் குகையில் கூரையே இரண்டு இடங்களில் திறந்து வெளிச்சம் விழுகிறது. கீழே நீலப்பச்சையாக ஒரு குளம். அதில் மழையின் நன்னீரும் பாறையிடுக்குகள் வழியே வரும் கடல்நீரும் கலந்திருக்கின்றன. வாயில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும்.

அதே ஊரில் விண்ணேற்பு அன்னை தேவாலயம் கடற்கரையை ஒட்டி நிற்கிறது. அதன் பலிபீடத்தின் அடியில் ஒரு கிணறு. நீர் உப்புக் கரிப்பதில்லை. நோய் தீர்க்கும் நீர் என்று நம்பிப் பக்தர்கள் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். கடலுக்கு இத்தனை அருகில் நன்னீர் எப்படி?

நன்னீர் கடல்நீரைவிடச் சற்று லேசானது. தீவின் பாறைக்குள் இறங்கும் மழைநீர் அடியில் ஊடுருவியிருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு படலமாகச் சேர்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. பலிபீடக் கிணறு எட்டித் தொடுவது அந்தப் படலத்தைத்தான். அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு இறங்கப் பல ஆண்டுகள் ஆகும். டாவிஸ் அமைந்திருக்கும் பங்லாவ் தீவில் விடுதிகள் பெருகிவரும் காலத்தில் பக்தர்களைப் போலவே பொறியாளர்களும் இந்த நீரை மரியாதையோடு அணுக வேண்டியிருக்கிறது.

85 ஆண்டு நீடித்த கலகம்

1565 மார்ச்சில் ஸ்பானியத் தளபதி மிகுவல் லோபெஸ் தெ லெகாஸ்பி போஹோலின் கரையில் இறங்கினார். தலைவர் சிகதுனாவும் அவரும் கையைக் கீறி, வடிந்த ரத்தத்தைப் பானத்தில் கலந்து இருவரும் பருகி நட்பு உடன்படிக்கை செய்தார்கள். அந்த நிகழ்ச்சியை நெப்போலியன் அபுவேவா வடித்த வெண்கலச் சிலைகள் தக்பிலாரனில் உள்ளன. உண்மையில் நடந்த இடம் எங்கள் ஊரே என்று லோவாய் ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

நட்பு நீடிக்கவில்லை. 1744இல் இனபாங்கா ஊரில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். மதத்தைத் துறந்து தப்பிப்போன ஒருவனைப் பிடிக்கப் பாதிரியாரே அனுப்பிவைத்த காவலர் அவர். மோதலில் இறந்ததால் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்று கஸ்பார் மொராலெஸ் என்ற அதே பாதிரியார் மறுத்தார். உடல் அடக்கமாகாமல் நாள்கணக்கில் கிடந்தது. இறந்தவரின் சகோதரர் பிரான்சிஸ்கோ டகோஹோய் மலைக்குப் போனார். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். கலகம் 1829 வரை, 85 ஆண்டுகள் நீடித்தது. பிலிப்பைன்ஸ் வரலாற்றிலேயே மிக நீண்ட கிளர்ச்சி அது. டகோஹோய் இறந்த பின்னும் அவர் மூட்டியது அணையவில்லை.

அம்பும் ஈட்டியும் வைத்திருந்தவர்கள் பீரங்கி வைத்திருந்த பேரரசை மூன்று தலைமுறைக்காலம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? அவர்களின் வீரத்தோடு நிலமும் சேர்ந்துகொண்டது. டானாவ் ஊரைச் சுற்றிய மலைப்பகுதி முழுக்க ஆழ்பள்ளங்கள், செங்குத்துச் சரிவுகள், குகைகள். ஒரு வாயிலில் நுழைந்தவர் எந்த வாயிலில் வெளிவருவார் என்று துரத்துகிறவருக்குத் தெரியாது. மழை குடைந்த சுண்ணாம்பு மலை அவர்களுக்குக் கோட்டையும் பத்தாயமும் ஆனது. கலகம் அடங்கியபோது இறங்கிவந்தவர்களைக் குடியமர்த்தத்தான் பதுவான், பிலார் போன்ற ஊர்கள் உருவாயின. சாக்லேட் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர்கள் இவை.

கடலை அடுக்கி எழுப்பிய கோயில்கள்

கிறிஸ்தவம் இத்தீவுக்கு முறையாக வந்தது 1596இல். ஹுவான் தெ டோரெஸ், கப்ரியேல் சான்செஸ் என்ற இரண்டு இயேசுசபைப் பாதிரியார்கள் பக்லாயோனில் இறங்கினார்கள். இன்றைய பக்லாயோன் தேவாலயம் 1727இல் முடிந்தது. அதன் சுவர்க்கற்கள் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கற்கள். ஈரமாக இருக்கும்போது வெட்ட எளிது; காய்ந்தால் இறுகும். சுட்ட சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து அரைத்துச் சாந்து ஆக்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஊர் மக்களின் தோள்கள் சுமந்த கற்கள் அவை. இந்தச் சுவர்களின் முன் நிற்கும்போது சிற்பியின் கைத்திறனோடு அந்தத் தோள்களையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் நட்சத்திரக் கண்கள் அப்படியே தெரியும்.

லோபோக், லோவோன், மரிபோஹோக் ஊர்களிலும் இப்படியே பெருங்கோயில்கள் எழுந்தன. கடற்கொள்ளையரைக் கண்காணிக்க மரிபோஹோக்கின் புந்தா குரூஸ் முனையில் 1796இல் ஒரு காவற்கோபுரமும் கட்டினார்கள். அதுவும் பவளக்கல்தான்.

அல்புர்கெர்கே ஊரில் கடலிலிருந்து எடுப்பது வேறொன்று. தேங்காய் மட்டைகளைக் கடல்நீர்க் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். பிறகு காயவைத்து, நாள்கணக்கில் எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். சாம்பலின்மேல் கடல்நீரை ஊற்றி வடித்தால் அடர்ந்த உப்புக்கரைசல் இறங்கும். அதை மண்சட்டிகளில் காய்ச்சக் காய்ச்சச் சட்டியின் வடிவிலேயே உப்பு ஒரே கட்டியாக இறுகும். சட்டியின் அடிப்பாகம் வெந்து உடைந்து உருண்டையான உப்பு வெளிப்படும். அசின் திபுவோக் என்ற இந்த உப்பில் லேசான புகைமணம் இருக்கும். உழைப்பு அதிகம், வருமானம் குறைவு என்பதால் தொழிலைத் தொடரும் குடும்பங்கள் வெகுசில.

கடல் இறங்கிய காலத்தின் சாட்சி

கொரெல்லாவின் காட்டில் டார்சியர் காப்பகம் இருக்கிறது. டார்சியர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை 80 முதல் 160 கிராம்தான். குரங்குகளுக்கும் நமக்கும் தூரத்து உறவான விலங்கு. ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் அகலம், அதன் மூளை அளவுக்கு. கண்ணைக் குழிக்குள் உருட்ட அதனால் முடியாது. அதற்கு ஈடாகத் தலையை இருபக்கமும் 180 பாகை வரை திருப்பும். இரவில் பூச்சிகளையும் பல்லிகளையும் பிடித்துத் தின்னும். இலை, பழம் எதையும் தொடாது. வாயைத் திறந்தும் சத்தம் கேட்காமல் அது கொட்டாவி விடுகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வுதான் உண்மையைச் சொன்னது. அது 70 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் கத்துகிறது; மனிதக் காதுக்கு 20க்கு மேல் எட்டாது.

இந்த விலங்கு போஹோலில் உண்டு. சமார், லெய்தே, மிண்டனாவ் தீவுகளிலும் உண்டு. லோவோன் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் செபு தீவில் இல்லை. இதற்கு விடை பனியுகத்தில் இருக்கிறது. துருவங்களில் பனி பெருகி நீரைப் பிடித்துவைத்ததால் கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்த காலம் அது. போஹோலுக்கும் லெய்தேவுக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல் தரையாகி, அந்த நான்கு தீவுகளும் ஒரே நிலமாக இருந்தன. செபுவுக்கும் போஹோலுக்கும் நடுவே உள்ள நீரிணையோ ஆழமானது, அப்போதும் வற்றவில்லை. ஆக, ஒரு விலங்கு எந்தத் தீவில் இருக்கிறது என்பதைப் பார்த்தே பழைய கடற்கரை எங்கே ஓடியது என்று வரைந்துவிடலாம்.

டார்சியரின் பேரினத்துக்கு 2010இல் கார்லிதோ என்று பெயரிட்டார்கள். கொரெல்லாவைச் சேர்ந்த கார்லிதோ பிசாராஸின் பெயர் அது. அந்த விலங்குகளை வேட்டையாடிப் பாடம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்து, பின்னர் வாழ்நாளையே அவற்றைக் காப்பதில் செலவிட்டவர் அவர். கூண்டில் அடைத்துக் கையிலெடுத்துக் கொஞ்சினால் டார்சியர் மன அழுத்தத்திலேயே இறந்துபோகும். கொரெல்லாவுக்குப் போகிறவர்கள் ஒளிவிளக்கை அணைத்துவிட்டு, தொடாமல், பேசாமல் பார்க்க வேண்டும்.

நிலம் எழுந்த காலை

2013 அக்டோபர் 15, காலை 8.12 மணி. 7.2 அளவிலான நிலநடுக்கம் போஹோலை உலுக்கியது. 220 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று பொதுவிடுமுறை, பள்ளிகள் மூடியிருந்ததால் இழப்பு இன்னும் பெரிதாகவில்லை. லோபோக், லோவோன், மரிபோஹோக் தேவாலயங்கள் இடிந்தன. பக்லாயோனின் முகப்பும் மணிக்கோபுரமும் சேதமாயின. சாக்லேட் குன்றுகளின் சரிவுகள் பெயர்ந்து, பச்சைக்கு நடுவே வெள்ளைப் பாறை தெரிந்தது.

காரணமான நிலப்பிளவு அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லை. வட போஹோல் பிளவு என்று பிறகு பெயர் பெற்றது. டகோஹோயின் சொந்த ஊரான இனபாங்காவில், அனோனாங் என்ற கிராமத்தில், வயலுக்கும் வீடுகளுக்கும் நடுவே நிலம் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரச் சுவராக எழுந்து நின்றது. தட்டுகளின் நெருக்கத்தில் பிளவின் ஒரு பக்கம் மற்றொன்றின்மேல் ஏறியதன் தடயம் அது. அங்கே அதை இன்றும் பாதுகாத்துக் காட்டுகிறார்கள்.

லோவோன், மரிபோஹோக் கரைகளில் வேறோர் அதிசயம் நடந்தது. கடல் பின்வாங்கிப் பல பத்து மீட்டர் தள்ளிப் போய்விட்டது. முதலில் பலர் ஆழிப்பேரலை வரப்போகிறது என்று அஞ்சி மேட்டுக்கு ஓடினார்கள். கடல் எங்கும் போகவில்லை. நிலம்தான் எழுந்திருந்தது. முந்தைய நாள் வரை மூழ்கியிருந்த பவளம் வெயிலில் காய்ந்து வெளுத்தது. கடல்தரை தீவாகும் விதத்தைப் பாடநூலில் மட்டுமே படித்திருந்த நிலவியலாளர்கள், ஒரே நிமிடத்தில் நடந்த ஒரு படியை அங்கே அளந்தார்கள். கார்மெனின் குன்றுகள் இத்தகைய எத்தனையோ எழுச்சிகளின் கூட்டுத்தொகை.

பிளவின் மறுபக்கம் நேர்மாறு. துபிகோன் ஊரைச் சேர்ந்த பதாசான், பங்கபாசான், ஊபாய், பிலாங்பிலாங்கான் என்ற நான்கு குட்டித் தீவுகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோயின. அன்றிலிருந்து பெரிய ஓதம் வரும் நாள்களில் கடல் வீட்டுக்குள் நுழைகிறது. அரசு பெருந்தீவில் மாற்றிடம் தர முன்வந்தும் பெரும்பாலானோர் போகவில்லை. வீடுகளைத் தூண்களின்மேல் உயர்த்தினார்கள். பள்ளியின் தரையை மேடாக்கினார்கள். பவளக்கற்களைக் கொண்டுவந்து தளத்தை உயர்த்திக்கொண்டார்கள். புவி வெப்பத்தால் உலகின் பல கரைகள் இந்த நூற்றாண்டின் இறுதியில் சந்திக்கக்கூடிய நிலையை இவர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து காட்டுகிறார்கள். அதனால் ஆய்வாளர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

லோபோக், லோவோன் தேவாலயங்கள் 2021இல் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஓடெத் புயல் தீவைப் புரட்டிப்போட்டது. போஹோல் மக்கள் மறுபடியும் கூரை வேயத் தொடங்கினார்கள்.

ஒரே அமிலம், இரண்டு வேலைகள்

போஹோலைப் பார்க்கப் போகிறவர் குன்றுகளில் தொடங்கி, குகைகளையும் கோயில்களையும் கண்டு, டனாஹோன் திட்டில் முடிக்க வேண்டும் என்பேன். இத்தீவில் மற்ற எல்லாமே பழைய கட்டுமானங்கள். திட்டு மட்டுமே இன்னும் வேலை நடக்கும் இடம். குன்றுகளைச் செதுக்கிய அதே வேதியியல் இன்று அந்த இடத்துக்கு எதிராகத் திரும்பியிருப்பதும் அங்கேதான் உறைக்கும்.

கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். மழையில் அது உண்டானபோது நமக்குச் சாக்லேட் குன்றுகள் கிடைத்தன. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்பில் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது. பவள உயிரி கல் கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது. அதன் வேலை மெதுவாகிறது; கட்டியதும் பலவீனமாகிறது. வெப்பம் கூடினால் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. வெடிவைத்தும் நஞ்சு தெளித்தும் மீன்பிடித்த காலத்தின் காயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஹந்தூமோன் மீனவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். கடலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் மீன் பெருகும் என்று பட்டறிவால் கண்டு, தாங்களே காவல் காக்கிறார்கள். அவர்களால் தடுக்க முடியாதது உலகம் முழுவதும் எரியும் எரிபொருளின் விளைவு. அதில் நாம் ஒவ்வொருவரும் பங்காளிகள். ஒரு தீவையே கட்டித் தந்த உயிருக்கு, அது இதுவரை செய்துவந்த வேலையைத் தொடர்ந்து செய்யக்கூடிய கடலைத் திருப்பித் தருவது நம் கடமை. சாக்லேட் குன்றுகளைக் கண்டு வியக்கிறவர் எவராயினும், அந்தக் குன்றுகளின் தாயான பவளத்தைக் காக்கவும் குரல் கொடுக்க வேண்டும்.